ஒரு பார்ட் நம்பர், அஞ்சு கம்பெனி: மூணு வருஷம் ஓட்டின பிஎல்எம் சாஃப்ட்வேர் பத்தி

முதல்லயே சொல்லிடறேன், சாஃப்ட்வேர் பேரு போடமாட்டேன். ஆபீஸ்ல கையெழுத்து வாங்கி வெச்சிருக்காங்க, கீழ கொஞ்சம் திட்டியும் இருக்கேன். பிஎல்எம்னா ஒரு ப்ராடக்ட்டோட ட்ராயிங், பார்ட் லிஸ்ட், அதுல பண்ற மாத்தம் எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சுக்கற சாஃப்ட்வேர். எங்களது வெளிநாட்டு சாஃப்ட்வேர், பிரவுசர்ல ஓடும், ஒரு யூசருக்கு இவ்ளோன்னு வருஷா வருஷம் காசு கட்டணும். பேரு தெரியாட்டியும் பரவால்ல, எதை வாங்கப் போனாலும் நீங்க பாக்க வேண்டிய விஷயம் இதே தான்.

முழு சாஃப்ட்வேரையும் ரிவ்யூ பண்ணல. ட்ராயிங் ரிலீஸ், ஈசிஓ (டிசைன மாத்தறதுக்கு போடற ஆர்டர்), அப்ரூவல் மெயில் எல்லாம் எந்த பிஎல்எம் எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தான். நான் சொல்லப்போறது ஒரே ஒரு மூலை. நம்ம கம்பெனி பார்ட் நம்பர் ஒண்ணு இருக்கும், அதுக்கு கீழ நாலஞ்சு மேனுஃபாக்சரர் பார்ட் இருக்கும், இது கிடைக்கலன்னா அத வாங்கிக்கலாம்னு. அந்த ஈக்விவலன்ட் பார்ட் ஒவ்வொண்ணும் உயிரோட இருக்கா, போயிடுச்சா, நாம ஒத்துக்கிட்டோமா, வேணாம்னு சொல்லிட்டோமாங்கறத இந்த சாஃப்ட்வேர் எப்படி ஞாபகம் வெச்சுக்குது, அதான் மேட்டர். போர்டு டிசைன் பண்றவங்களுக்கும் பர்ச்சேஸ்ல இருக்கறவங்களுக்கும் இதுல தான் தூக்கம் போகும்.

ஏன் இத வாங்கினோம்னு சொன்னா தான் மீதி புரியும். 2020 அக்டோபர்ல ஜப்பான்ல நோபெயோகால ஏகேஎம்ங்கற சிப் கம்பெனியோட ஃபேக்டரி எரிஞ்சுது, 2021 மார்ச்ல நாகால ரெனசாஸ்ங்கற இன்னொரு சிப் கம்பெனியோட ஃபேக்டரில தீ, ஏற்கனவே கொரோனால சப்ளை தள்ளாடிட்டு இருந்துச்சு, எஸ்டிஎம்32 மாதிரி மைக்ரோகண்ட்ரோலர் எல்லாம் தங்க விலைக்கு போச்சு. அப்ப எங்க கிட்ட இருந்தது ஒரு எக்ஸல் ஷீட். ஒரு வரிசைக்கு ஒரு பார்ட் நம்பர், பக்கத்துல ஆல்ட்-1, ஆல்ட்-2, ஆல்ட்-3ன்னு கட்டம் (ஆல்ட்னா மாத்து பார்ட்), ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஓகேன்னு பச்சை கலர். அவ்ளோ தான் சிஸ்டம்.

அதுல 1117 ரெகுலேட்டர் (வோல்டேஜ இறக்கி நிலையா குடுக்கற சிப்) ஒண்ணு, 3.3 வோல்ட், எஸ்ஓடி-223 பேக்கேஜ். இத போடாத போர்டே கிடையாது. எல்எம்1117 கிடைக்கலன்னு டிஎல்வி1117எல்வி-ய ஆல்ட்-3ல நான் தான் சேத்தேன். காலு அதே காலு, வோல்டேஜ் அதே வோல்டேஜ், 5 வோல்ட்ல ஓடற சின்ன போர்டுல போட்டு டெஸ்ட் பண்ணேன், சூப்பரா ஓடுச்சு, ஓகேன்னு பச்சை அடிச்சேன். அந்த பார்ட்டுக்கு இன்புட் 5.5 வோல்ட் தான் லிமிட், டேட்டாஷீட்ல தெளிவா போட்ருக்கான். பழசு 15 வோல்ட் வரைக்கும் தாங்கும். அதே பார்ட் நம்பர் 12 வோல்ட் வாங்கற இன்னொரு போர்டுலயும் இருக்குன்னு எனக்கு ஞாபகமே இல்ல. எக்ஸலுக்கு எப்படி இருக்கும். பர்ச்சேஸ் அண்ணன் ஒரு ரீல் வாங்கிட்டாரு, 12 வோல்ட் லைனுக்கு போயிடுச்சு, டெஸ்ட் பெஞ்ச்ல பவர் குடுத்த ஒடனே ஒண்ணு ஒண்ணா புகை. போய் கேட்டா, "தம்பி, நீ பச்சை அடிச்சிருந்த, நான் வாங்கினேன்"ங்கறாரு. அவர் மேல என்ன தப்பு.

இதுல இன்னொரு கூத்து. திருப்பி போட்டாலும் வேலை செய்யாது. பழைய எல்எம்1117க்கு அவுட்புட் கெப்பாசிட்டர்ல கொஞ்சம் ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டருக்குள்ளயே இருக்கற சின்ன ரெசிஸ்டன்ஸ்) வேணும், 0.3 ஓம்ல இருந்து 22 ஓம்குள்ளன்னு டேட்டாஷீட்லயே இருக்கு, அதனால தான் எல்லாரும் டான்டலம் போடுவாங்க. எல்வி வகை செராமிக்லயே நிலையா ஓடும். செராமிக் மட்டும் வெச்சு டிசைன் பண்ண போர்டுல "அதான் ஈக்விவலன்ட்டாச்சே"ன்னு பழசை போட்டா ஆசிலேட் ஆகலாம். ஆக, இந்த போர்டுல அவருக்கு பதிலா இவரு வரலாம், அந்த போர்டுல இவருக்கு பதிலா அவரு வரலாம், ரெண்டுலயும் ரெண்டும் வர முடியாது. ஈக்விவலன்ட்ங்கற வார்த்தையே பாதி பொய்.

அந்த சம்பவத்துக்கு அப்புறம் தான் 2022ல மேனேஜ்மென்ட் பர்ஸ திறந்தாங்க.

இப்ப சாஃப்ட்வேருக்கு வரேன். உள்ள எப்படி இருக்குன்னா, ரேஷன் கார்டு மாதிரி நெனச்சுக்கங்க. நம்ம பார்ட் நம்பர் தான் கார்டு. அதுல இருக்கற பேருங்க தான் மேனுஃபாக்சரர் பார்ட்ஸ், 104 கெப்பாசிட்டர்னா முராட்டா ஒண்ணு, சாம்சங் ஒண்ணு, யாகியோ ஒண்ணு. இங்க மூணு விதமான ஸ்டேட் இருக்கு. கார்டு செல்லுமா செல்லாதாங்கறது ஒண்ணு, அதாவது நம்ம நம்பர் டிராஃப்ட்டா, ரிலீஸா, அப்சலீட்டா. ஆளு உயிரோட இருக்காரா இல்லையாங்கறது ரெண்டாவது, இத அந்த கம்பெனிக்காரன் தான் முடிவு பண்றான், ஆக்டிவ், என்ஆர்என்டி (புது டிசைன்ல போடாத), லாஸ்ட் டைம் பை (கடைசி ஆர்டர் போடற நேரம்), அப்சலீட் (நிறுத்தியாச்சு)ன்னு. மூணாவது, இந்த ஆளோட பேரு இந்த கார்டுல இருக்கலாமா. நல்லா உயிரோட இருக்கற ஆளு தான், ஆனா நம்ம வீட்டு கார்டுல சேக்க மாட்டோம். இல்லன்னா இந்த கார்டுல இருக்கலாம், அந்த கார்டுல கூடாது.

பாதி சாஃப்ட்வேரும் எல்லா எக்ஸல் ஷீட்டும் சொதப்பறது இந்த மூணையும் ஒரே கட்டத்துல போட்டு கொழப்பறதுல தான். "ஸ்டேட்டஸ்: அப்சலீட்"னு ஒரு கட்டம் இருக்கும். யாரு அப்சலீட் பண்ணா, அவனா நாமளா, ஒருத்தருக்கும் தெரியாது.

நாங்க வாங்கினது இந்த விஷயத்துல நிஜமாவே நல்லா இருக்கு. மூணாவது ஸ்டேட்டை அது பார்ட் மேல வைக்கல, ரெண்டு பார்ட்டையும் இணைக்கற லிங்க் மேல வெச்சிருக்கு. டிஎல்வி1117எல்வி-ங்கற பார்ட் ஒரே ஒரு தடவை தான் சிஸ்டத்துல இருக்கும், ஆனா 5 வோல்ட் ப்ராடக்ட் லைனுக்கு அதோட லிங்க் அப்ரூவ்ட், 12 வோல்ட் லைனுக்கு அதே லிங்க் டூ-நாட்-யூஸ். பர்ச்சேஸ் அண்ணன் எந்த போர்டோட பிஓஎம் (பார்ட் லிஸ்ட்) திறக்கறாரோ அதுக்கு ஏத்த மாதிரி பச்சை இல்ல சிவப்பு தெரியும். இது ஒண்ணு முதல் நாளே இருந்திருந்தா அந்த ரீல் அந்த லைனுக்கு போயிருக்காது. ஒவ்வொரு மாத்தத்துக்கும் யாரு, எப்ப, ஏன்னு பதிவு ஆகும், ஏன்ங்கற கட்டத்த காலியா விட முடியாது. முதல்ல எரிச்சலா இருந்துச்சு, எல்லாரும் ஒரு புள்ளி வெச்சு ஓகே குடுத்தாங்க. அப்புறம் ஒரு ஆடிட்ல மாட்டினதும் ஒழுங்கா எழுத ஆரம்பிச்சாங்க.

வேர்-யூஸ்டு ரிப்போர்ட்டும் பிரமாதம். ஒரு மேனுஃபாக்சரர் பார்ட் போயிடுச்சுன்னு தெரிஞ்சா, எந்த நம்ம நம்பர் கீழ இருக்கு, அந்த நம்பர் எந்தெந்த போர்டுல இருக்குன்னு ஒரே க்ளிக்ல மரம் மாதிரி விரியும். எக்ஸல்ல இதுக்கு நான் ரெண்டு நாள் உக்காந்திருப்பேன். பிசிஎன், அதாவது பார்ட்ல மாத்தம் பண்றோம்னு கம்பெனி விடற நோட்டீஸ், அதோட பிடிஎஃப்ப நேரா அந்த பார்ட் மேலயே தொங்க விடலாம், ஷேர்டு ஃபோல்டர்ல தேட வேண்டியதில்ல.

இதோட நிறுத்திட்டா நாலரை ஸ்டார் குடுத்துட்டு போயிருப்பேன்.

முதல் பிரச்சனை, இந்த மூணு ஸ்டேட்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கறதே இல்ல. கார்டுல இருக்கற அத்தனை பேரும் செத்துட்டாங்க, கார்டு மட்டும் ஜம்முனு செல்லுபடி ஆகுது. நிஜமாவே நடந்துச்சு, ஒரு கனெக்டர், கீழ ரெண்டு மேக் (அதாவது ரெண்டு கம்பெனியோட பார்ட்), ரெண்டுமே அப்சலீட், எங்க நம்பர் ரிலீஸ்டு பச்சையில ஜொலிக்குது, அத வெச்சு ஒரு புது போர்டே டிசைன் ஆகி ரிவ்யூ முடிஞ்சு ப்ரோட்டோ ஆர்டர் போட போறப்ப தான் பர்ச்சேஸ்ல இருந்து ஃபோன் வருது, எங்கயுமே கிடைக்கலயேன்னு. இத்தனைக்கும் மூணு கிளிக் உள்ள போனா அப்சலீட்னு போட்ருக்கு. யாரு போவாங்க. ஸ்கிமாட்டிக் வரையற பையனுக்கு மேல இருக்கற பச்சை தான் கண்ணுல படும்.

இதுக்கு நாங்களே ராத்திரி ஓடற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். ஒவ்வொரு நம்பருக்கும், கம்பெனிக்காரன் நிறுத்தாம, நாமளும் அப்ரூவ் பண்ணி வெச்சிருக்கற லிங்க் எத்தனைன்னு எண்ணும். சைபர்னா சிவப்பு மெயில், ஒண்ணே ஒண்ணுன்னா மஞ்சள். அம்பது வரி ப்ரோகிராம். இவ்ளோ காசு வாங்கற சாஃப்ட்வேர்ல இது கூடவே வந்திருக்கணும்.

ரெண்டாவது, ரிவைஸ் பண்ணும்போது நடக்கற கொடுமை. நம்ம நம்பரோட டிஸ்கிரிப்ஷன்ல ஒரு ஸ்பெல்லிங் திருத்தணும்னு ரிவைஸ் பண்றோம்னு வெச்சுக்கங்க, பி-ல இருந்து சி ஆகுது. லிங்க் எல்லாம் புது ரிவிஷனுக்கு காப்பி ஆகும், ஆனா லிங்கோட ஸ்டேட் திரும்ப டிராஃப்ட்டுக்கு போயிடும். அஞ்சு மேக்கும் அப்ரூவ்ட்டா இருந்தது இப்ப ஒண்ணும் இல்ல. அதவிட மோசம், பழைய ரிவிஷன்ல இருக்கற லிங்க் அப்படியே உறைஞ்சு நிக்கும். நாம சி-ல போய் டூ-நாட்-யூஸ்னு அடிச்சாலும், ஏற்கனவே ரிலீஸ் ஆன பிஓஎம் பி-ய பிடிச்சிட்டு இருந்தா அங்க இன்னும் பச்சை தான். சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டோம், பதினோரு நாள் கழிச்சு ஒருத்தர் ஃபோன்ல வந்து ரொம்ப மரியாதையா, "சார், அது அப்படித்தான் டிசைன் பண்ணிருக்கு, பழைய ரிவிஷன் அப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும் இல்லையா"ன்னாரு. ட்ராயிங்குக்கு அது சரிங்க, நானும் ஒத்துக்கறேன். ஆனா ஒரு கம்பெனி பார்ட் தயாரிக்கறத நிறுத்திட்டான்னா அது ரிவிஷன் பாத்தா நடக்குது? எந்த ரிவிஷன்ல இருந்து பாத்தாலும் செத்தவன் செத்தவன் தானே. சப்போர்ட்ல சிரிச்சாரு, டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிட்டாரு.

நீங்க புதுசா வாங்கறதா இருந்தா இது ஒண்ண கெட்டியா பிடிச்சு கேளுங்க: மேனுஃபாக்சரர் பார்ட் ஸ்டேட் மாத்தறதுக்கு நம்ம பார்ட்ட ரிவைஸ் பண்ணணுமா வேணாமா. வேணாம்னு இருக்கணும். ஒரு யாகியோ ரெசிஸ்டர அப்ரூவ் பண்றதுக்கு ஈசிஓ போட்டு ஆறு பேர் கையெழுத்து வாங்கிட்டு இருந்தா, சனங்க சிஸ்டத்துக்கு வெளிய வாட்ஸாப்ல "ஓகே வாங்கிக்கோ"ன்னு முடிச்சிருவாங்க. எங்க கிட்ட ஆறு மாசம் அது தான் நடந்துச்சு.

மூணாவது, எக்ஸ்ட்ரா காசு குடுத்து வாங்கற டேட்டா ஃபீட். வெளிய இருந்து கம்பெனி பார்ட்டோட லைஃப்சைக்கிள் நிலவரத்த தானா கொண்டு வந்து போடும்னு சொல்லி வித்தாங்க. கொண்டு வருது, இல்லன்னு சொல்லல. ஆனா என்ஆர்என்டி-ய அப்சலீட் மாதிரியே சிவப்புல காட்டுது. என்ஆர்என்டின்னா புது டிசைன்ல போடாதன்னு தான் அர்த்தம், பழைய போர்டுக்கு இன்னும் பல வருஷம் கூட கிடைக்கலாம். எங்க பத்து வருஷ பழைய போர்டுல ஒரு சின்ன ஈசிஓ ரிலீஸ் பண்ண விடாம இதே காரணம் சொல்லி மறிச்சுது. இன்னொரு பக்கம், தகவலே கிடைக்காத பார்ட்டுக்கு அன்நோன்னு வரும், அதுக்கு சத்தமே இல்லாம வழி விட்டுடும். தப்பே பண்ணாத வயசானவர கேட்ல நிறுத்திட்டு, அடையாள அட்டையே இல்லாதவன உள்ள விடற வாட்ச்மேன் மாதிரி.

இதுல பயங்கரமான ஒண்ணு, முதல் மூணு மாசம் அந்த ஃபீட் ராத்திரி ஓடும்போது நாங்க கையால போட்ட குறிப்பையும் சேத்து அழிச்சிட்டு இருந்துச்சு. ஒரு கெப்பாசிட்டர நாங்க ரிலையபிலிட்டி டெஸ்ட்ல ஃபெயில் ஆச்சுன்னு நிறுத்தி வெச்சிருந்தோம், காலைல வந்து பாத்தா ஆக்டிவ். செட்டிங்ல ரெண்டும் ஒரே ஃபீல்டுக்கு மேப் ஆகியிருக்கு, இம்ப்ளிமென்டேஷன் பண்ணின டீமோட வேலை. அவங்களுக்கும் ரெண்டும் ரெண்டு விஷயம்னு தெரியல போல. சரி பண்ணிட்டாங்க, ஆனா அந்த மூணு மாச டேட்டாவ நான் ஒண்ணு ஒண்ணா திரும்ப பாத்தேன்.

அப்புறம் தேதி. ஸ்டேட்டுங்கற ஒரு வார்த்தைய மட்டும் வெச்சு என்ன பண்றது? செமிகண்டக்டருக்கு ஸ்டாண்டர்டு போடற ஜெடெக் அமைப்போட ஜே-எஸ்டிடி-048 பிரகாரம், ஒரு பார்ட்ட நிறுத்தறேன்னு நோட்டீஸ் விட்டா கடைசி ஆர்டருக்கு குறைஞ்சது 6 மாசமும் கடைசி டெலிவரிக்கு 12 மாசமும் டைம் குடுக்கணும். ஜே-எஸ்டிடி-046ல சாதா மாத்தத்துக்கு, அதான் பிசிஎன், 90 நாள் முன்னாடி சொல்லணும், 30 நாளைக்குள்ள நாம பதில் சொல்லலன்னா நாம ஒத்துக்கிட்டதா கணக்கு. அந்த 30 நாள் தான் உயிர். இந்த சாஃப்ட்வேர்ல லாஸ்ட் டைம் பைன்னு ஒரு ஸ்டேட் இருக்கு, எந்த தேதி வரைக்கும்னு போட இடமே இல்ல. கஸ்டம் ஃபீல்டு மூணு நாங்களே சேத்து, மெயில் ரிமைண்டரும் போட்டோம். பால் பாக்கெட்ல கூட தேதி இருக்குங்க.

கம்பெனி பேரு குழப்பத்த பத்தி தனியா ஒரு ரிவ்யூவே எழுதலாம். இந்த தொழில்ல யாரு யார வாங்கினாங்கன்னு கணக்கு வெச்சுக்கவே ஆள் போடணும். நேஷனல் செமிகண்டக்டர 2011ல டெக்சாஸ் வாங்கிடுச்சு. ஆட்மெல்ல 2016ல மைக்ரோசிப். ஃபேர்சைல்ட அதே வருஷம் ஆன் செமிகண்டக்டர், அது 2021ல பேர ஆன்செமின்னு சேத்து எழுதிக்கிச்சு. லீனியரும் மேக்சிமும் இப்ப அனலாக் டிவைசஸ்ல. எங்க டேட்டாபேஸ்ல 2என்7002 மாஸ்ஃபெட்டுக்கு கீழ ஃபேர்சைல்டு, ஆன் செமிகண்டக்டர், ஆன்செமின்னு மூணு மேக் அப்ரூவ்டா உக்காந்திருந்துச்சு. சிங்கிள் சோர்ஸ் ரிப்போர்ட் எடுத்தா "மூணு சோர்ஸ், கவலை இல்ல"ன்னு வருது. மூணும் ஒரே வீடு! அங்க ஒரு லைன் நின்னா மூணும் நிக்கும். ஒரு கம்பெனி இன்னொண்ணுக்குள்ள போயிடுச்சுன்னு சொல்லி ஒட்டறதுக்கு சாஃப்ட்வேர்ல வழி இருக்கு, ஆனா ஒட்டினா பழைய பேரே அழிஞ்சிடும், அப்புறம் ஸ்டோர்ஸ்ல பழைய ரீல் மேல இருக்கற லேபிளும் சிஸ்டமும் பொருந்தாது. அதனால ஒட்டாம, "இப்போதைய ஓனர்"னு இன்னொரு ஃபீல்டு போட்டு நம்ம ஸ்கிரிப்ட்ட அத வெச்சு எண்ண வெச்சேன். ஆக மொத்தம் கஸ்டம் ஃபீல்டுலயே குடித்தனம் நடத்தறோம்.

மத்தது என்ன இருக்குன்னு கேப்பீங்க. ஆல்டியம்ங்கற போர்டு டிசைன் சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்களுக்கு பார்ட் சாய்ஸ்னு இருக்கு, ஒரு காம்பொனன்ட்டுக்கு கீழ கம்பெனி பார்ட்ஸ அடுக்கலாம், லைஃப்சைக்கிள் நிலவரம் கலர்ல தெரியும், ஆக்டோபார்ட்டுங்கற பார்ட் தேடற சைட்ட 2015லயே அவங்க வாங்கிட்டதால டேட்டாவும் பக்கத்துலயே. 2024ல அந்த ஆல்டியத்தையே ரெனசாஸ் வாங்கிடுச்சு, சிப் விக்கறவனே சிப் செலக்ட் பண்ற டூலுக்கும் ஓனர், எப்படி போகுதுன்னு பாப்போம். ஆரஸ் இன்னோவேட்டர்ங்கற பிஎல்எம்ம டவுன்லோட் பண்ணி சும்மா போட்டு பாக்கலாம், அதுல பார்ட்டுக்கு கீழ ஏஎம்எல் (ஒத்துக்கிட்ட கம்பெனி பார்ட் லிஸ்ட்) தனியா இருக்கு, இந்த லிங்க் மேல ஸ்டேட்ங்கற ஐடியா புரியறதுக்கு நல்ல விளையாட்டு மைதானம். ரெண்டு பேரு மூணு பேரு வெச்சு போர்டு பண்றவங்க இவ்ளோ செலவு பண்ண வேணாம், கிகேட்ங்கற இலவச போர்டு டிசைன் சாஃப்ட்வேர்ல, 2023ல வந்த 7ல இருந்து டேட்டாபேஸ் லைப்ரரி இருக்கு, பின்னாடி ஒரு சின்ன டேட்டாபேஸ்ல ஒரு டேபிள் நம்ம நம்பருக்கு, ஒண்ணு கம்பெனி பார்ட்டுக்கு, நடுவுல லிங்க்குக்குன்னு தனியா ஒண்ணு. அந்த நடு டேபிள மட்டும் சோம்பேறித்தனத்துல விட்டுடாதீங்க.

மார்க் போடணும்னா லிங்க் ஸ்டேட்டுக்கும் வேர்-யூஸ்டுக்கும் 5க்கு நாலரை, ரிவிஷன் சொதப்பலுக்கு ஒண்ணு, ஃபீட் மாட்யூலுக்கு ஒன்றரை, சப்போர்ட்ல பேசறவங்க குணத்துக்கு அஞ்சு, அவங்க குடுக்கற பதிலுக்கு ரெண்டு. சராசரி எல்லாம் போடல.

டெமோவுக்கு போனா அவங்க சாம்பிள் டேட்டாவ காட்ட விடாதீங்க, அதுல எல்லா பார்ட்டும் ஆக்டிவ், எல்லா கம்பெனியும் ஒத்துமையா இருக்கும். உங்க கிட்ட இருக்கறதுலயே கேவலமான ஒரு நம்பர எடுத்துட்டு போங்க, ரெண்டு மேக் செத்தது, ஒண்ணு என்ஆர்என்டி, ஒண்ணு ஒரு போர்டுக்கு மட்டும் ஓகே. அத அவங்க முன்னாடியே ஏத்தி, ரிவைஸ் பண்ணி, அப்புறம் பழைய பிஓஎம்ம திறந்து காட்ட சொல்லுங்க.

எங்களுக்கு ரினியூவல் அடுத்த மாசம். ஃபீட் மாட்யூல நிறுத்திட்டு மத்தத வெச்சுக்கலாம்னு எழுதி குடுத்திருக்கேன். பர்ச்சேஸ் அண்ணன் அவர் டீமுக்கு ரீட்-ஒன்லி லைசென்ஸ் இன்னும் ரெண்டு வேணும்னாரு, இப்ப அவங்க மூணு பேரும் ஒரே லாகின்ல தான் மாத்தி மாத்தி உள்ள போறாங்க. அதையும் சேத்து எழுதியாச்சு.